நாலு மணி பன்னிரண்டு நிமிடம்

ஐஸ் பெட்டியின் வயரைக் கீழே கூடத்தில் யாரோ பிளக்கில் செருகினார்கள். மேலே மொட்டை மாடியில், கம்ப்யூட்டர் திரையில் அதுவரை சாதுவாக ஊர்ந்துகொண்டிருந்த கோடு முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டது. சண்முகப்ரியா நாற்காலியின் நுனிக்கு வந்து ஒரு வயரை ஆட்டிப் பார்த்தாள். இன்னொன்றைக் கழற்றி மாட்டினாள். பிறகுதான் விளங்கியது. கோளாறு வயரில் இல்லை. இரைச்சல் அப்பாவிடமிருந்து வந்தது.

பதினோரு வருடமாகத் தெருவில் யார் மிக்ஸி போட்டாலும், யார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடினாலும், மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து நின்று ‘யாருங்க அது?’ என்று பணிவாகக் கேட்ட மனிதர் மாசாணம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவரே, கண்ணாடிப் பெட்டிக்குள் காலை நீட்டிப் படுத்தபடி, பீளமேட்டின் அந்தச் சந்து அதுவரை காணாத இரைச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தார். போய் ‘யாருங்க அது’ என்று கேட்பதற்கும் வழியில்லை.

ப்ரியா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குள் இந்தத் தெரு அடங்கியாக வேண்டும்.

நேற்று சாயங்காலம்தான் அப்பா போன் செய்திருந்தார். அவள் அப்போது சரவணம்பட்டியில் தன் வீட்டில், பள்ளி விழாவுக்காக மகளைக் கத்தரிக்காயாக மாற்றும் வேலையில் இருந்தாள். வாயில் நான்கு குண்டூசி.

“அம்மணி, வெள்ளிக்கெழம நாலு இருவதுக்கு ஒண்ணு வந்துச்சு. இன்னைக்கு நாலு பதினாறுக்கு அதே மாதிரி வந்துருக்குது. சரியா நாலு நிமிசம் முன்னால. நாளைக்கு வந்து நீயும் ஒருக்கா பாத்துப்போட்டுப் போறியா? யாருகிட்டயும் சொல்லீராத. உன்ற அம்மாகிட்டக்கூட நான் சொல்லுல. மூணாவது நாளும் வரட்டும்.”

குண்டூசிகளுக்கு நடுவே அவள், சரிங்கப்பா, நாளைக்கு வாரேன் என்றாள். சொன்ன சொல் தவறவில்லை. காலை ஆறே முக்காலுக்கே வந்துவிட்டாள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, “பழனி, சித்தெ தண்ணி கொண்டா” என்றிருக்கிறார். அம்மா பழனியாத்தாள் சொம்போடு வந்தபோது அவருக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. அறுபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி, டாக்டர், ஆம்புலன்ஸ் என்று ஒருத்தரையும் அலைக்கழிக்காத சாவு என்று சந்து முழுக்கப் பாராட்டினார்கள்.

அந்த நாலு நிமிடக் கணக்கு இதுதான். நட்சத்திரங்கள் நம் கடிகாரத்தை மதிப்பதில்லை. இன்று ஒரு நட்சத்திரம் எந்த இடத்தில் நிற்கிறதோ, நாளை அதே இடத்துக்கு நாலு நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். ஆகவே வானத்திலிருந்து ஒரு சத்தம் வருவதாக இருந்தால் தினமும் நாலு நிமிடம் முந்திக்கொண்டு வரும். பக்கத்து வீட்டிலிருந்து வருவதாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் சௌகரியப்படி வரும். மாசாணம் இதற்கு ஒரு விதி வகுத்து, மாடி அறைச் சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருந்தார்: ‘ஒரு நாள் வந்தால் ஒயர். இரண்டு நாள் வந்தால் அண்டை வீடு. மூன்று நாள் வந்தால் ஆள்.’

ஆள் என்றால், எங்கோ ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில், ரேடியோ பெட்டி செய்யத் தெரிந்த ஆள்.

பீளமேட்டு மோட்டார் கம்பெனி ஒன்றில் முப்பத்தி நாலு வருடம் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிய மனிதருக்கு இந்த ஆளோடு என்ன சோலி என்று சந்தில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அவர் ஓய்வு பெற்ற வருடம், டிவி கேபிள்காரர் ஒருவர் தொழிலை மூடியபோது பன்னிரண்டடி டிஷ் ஒன்று எடைக்குப் போக இருந்தது. காந்திபுரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வைத்திருக்கும் ரசாக், மாசாணத்துக்கு நாற்பது வருடச் சிநேகிதர், அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து இறக்கினார். மாடிக்கு ஏற்ற எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். ஏற்றி முடித்ததும் எட்டுப் பேரும் இதில் எத்தனை சேனல் வரும் என்று கேட்டார்கள். ஒன்றும் வராது என்று மாசாணம் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு மறை கழன்றுவிட்டதாகச் சந்து முடிவு செய்து, அன்போடு நடத்த ஆரம்பித்தது.

ப்ரியாவே ஒருமுறை கேட்டாள். காலேஜில் படித்தவளாயிற்றே, கேட்காமல் எப்படி. பதில் வராத இடத்தைப் பார்த்து வருடக்கணக்காக எப்படீங்கப்பா உட்கார்ந்திருக்கறீங்க என்றாள். மாசாணத்தின் அப்பன் வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாள். தோட்டத்துக்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று ஒரே ஒரு தடவை கூப்பிடலாம். இரண்டாம் முறை கூப்பிட்டால் மரியாதைக் குறைவு. உள்ளேயிருந்து யாராவது வரும்வரை வெயிலோ மழையோ அப்படியே நிற்க வேண்டியதுதான். சின்ன வயதில் மாசாணமும் அப்பனின் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

“எங்கொப்பன் கூப்புட்டுப்போட்டு நின்னாரு அம்மணி. உள்ள இருக்கறவங்களுக்குக் காது கேக்காம இல்ல. கேக்கோணும்னு தோணாது, அவ்வளவுதான். அங்கயும் எவனோ ஒருத்தன் வாசல்ல நின்னு ஒருக்காக் கூப்புட்டுப்போட்டு நின்னுட்டிருந்தான்னா? இந்தப் பக்கம் காது குடுக்க ஒரு ஆளு வேண்டாமா?”

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. டிஷ்ஷில் விழுவதைக் கோடாக வரைகிற புரோகிராம் ஒன்றை ஒரு லீவு நாளில் எழுதிக் கொடுத்தாள். அவள் வேலை சாப்ட்வேர் டெஸ்டிங், அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பது. அப்பாவின் வேலையும் ஏறக்குறைய அதுவாகத்தான் முடிந்தது. பதினான்கு நீள நோட்டுகள் நிறைந்திருந்தன. தேதி, நேரம், கோட்டின் உயரம், கடைசியாக ‘எங்கிருந்து’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இதுவரை ஒரு நட்சத்திரமும் வந்ததில்லை. ‘மெஹராஜ் தையல் மோட்டார்.’ ‘எதிர்வீடு, புது மிக்ஸி.’ ‘கோயில் சீரியல் லைட்.’ ‘கவுன்சிலர் பிறந்தநாள் ஜெனரேட்டர்.’ பிரபஞ்சத்தைத் தேடிப் புறப்பட்டவர் சந்தின் சென்சஸை எடுத்து முடித்திருந்தார்.

அதில் இல்லாத பெயர் ஒன்றே ஒன்று, அம்மாவுடையது. சமையலறை தினசரி காலண்டரில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றுக்கும் கீழே, அப்பா தினமும் பேனாவால் ‘சுவிட்ச் காலம்’ என்று ஒரு மணி நேரத்தைக் குறிப்பார். அந்த நேரத்தில் வீட்டில் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. ராகு காலத்தைக்கூடச் சமயத்தில் கோட்டை விடும் பழனியாத்தாள், சுவிட்ச் காலத்தை ஒருநாளும் மீறியதில்லை. இந்த வாரம் அது மூன்றே முக்காலிலிருந்து நாலே முக்கால். ரேடியோவுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான்.

இன்றைக்கும் தாளைக் கிழித்து எழுத வேண்டியவர் எழுதவில்லை. ப்ரியா எழுதினாள்.

கீழே இறங்கியபோது அண்ணன் அன்புமணி ஃபிளக்ஸ் கடைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். விஞ்ஞானி என்று போடுவதா, விண்வெளி விஞ்ஞானி என்று போடுவதா என்பது பிரச்சினை. உயிரோடிருந்தவரை அப்பாவின் டிஷ்ஷைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். சாவு ஒரு மனிதனை இப்படிப் பெருமைக்காரனாக்கிவிடும். அரை மணியில் ஃபிளக்ஸ் வந்தது. பத்தடிக்கு எட்டடி. நடுவில் அப்பா, யாரோ ஒருவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு. ஒரு பக்கம் ராக்கெட். மறுபக்கம் டிசைனர் சொந்தப் பொறுப்பில் சேர்த்திருந்த, பெரிய கண்ணும் பச்சை உடம்புமாக ஒருத்தர், கைகூப்பி அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார். வந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம் அவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தார்கள்.

எடுக்கிற நேரம் நாலு மணி என்று அன்புமணி சொன்னான். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். மின்மயானத்தில் ஐந்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறது. அம்மாவின் அண்ணன் லட்சுமணசாமி மாமன் கோடித் துணியோடு வந்து, நாற்காலியில் அமர்ந்து, ராகு காலத்துக்குக் காவல் இருந்தார்.

ப்ரியா அண்ணனைத் தனியே அழைத்து, நாலு இருபத்தஞ்சுக்கு எடுக்கலாம், நாலு மணியிலிருந்து கொஞ்ச நேரம் தெருவில் போனும் மைக்கும் மோட்டாரும் ஓடாமல் இருந்தால் போதும் என்று கேட்டுப் பார்த்தாள். எதற்கு என்றான். அப்பாவுக்கு ஒரு கோடு பார்க்க வேண்டும் என்றாள். ஒரு நாளைக்காவது மானத்தோடு போகட்டும், ப்ரியா, என்றான் அவன். அவன் சொன்னதிலும் வருத்தம் இருந்தது. சந்தில் அவனை ‘டிஷ்ஷு மகன்’ என்று கூப்பிட்டவர்கள் இன்று வேட்டி கட்டிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொன்றரைக்குத் திருமலைசாமி வந்து இறங்கினார். ரிட்டயர்டு காலேஜ் பிரின்சிபால். கோவை விண்ணறிவுப் பேரவையின் நிறுவனர், தலைவர், பொருளாளர். பேரவைக் கூட்டங்களுக்கு மாசாணம் எட்டு வருடம் தவறாமல் போயிருக்கிறார். போனதும் அவர் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துவிடுவார்கள். புரொஜெக்டர், மைக், ஒருமுறை திருமலைசாமி வீட்டு கிரைண்டர். மேடையில் ஏறி அவர் தன் டிஷ்ஷைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கேட்டபோதெல்லாம், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டம் இன்றைக்குத்தான் கூடியிருந்தது. யூடியூப் சேனல் வைத்திருக்கும் ஒருவர் கேமராவோடு கூடவே வந்திருந்தார். அவரிடம் தலைவர், மறைந்த மேதையைத் தாம் கண்டெடுத்து வளர்த்த கதையை இரண்டு முறை சொன்னார். முதல் முறை சொன்னபோது ஒரு ஆட்டோ குறுக்கே வந்துவிட்டது.

ப்ரியா அவரைச் சற்று நேரம் தூரத்திலிருந்து பார்த்தாள். டெஸ்டிங் வேலையில் ஒரு பாடம் உண்டு. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்கும் என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றது எளிது. பக்கத்தில் போய்க் கும்பிட்டாள்.

“சார், உங்களுக்குத் தெரியாததில்லீங்க. ரேடியோ வானியல்காரங்க யாராச்சும் தவறீட்டா, வெளிநாட்டுல பதினஞ்சு நிமிசம் போனு, மோட்டாரு, மைக்கு எல்லாத்தையும் அணைச்சுப்போட்டு அமைதியா நிப்பாங்கல்லங்க. அப்பாவுக்கும் அப்படிச் செய்யோணும்னு ஆசைங்க. நீங்க முன்ன நின்னாத்தான் நடக்கும்.”

அப்படி ஒரு வழக்கம் பூமியில் எங்கும் இல்லை. சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அவள் உண்டாக்கியது. திருமலைசாமியின் கண்ணில் ஒரு நொடி வெறுமை வந்து போனது. அவ்வளவுதான்.

“தெரியாமலாம்மா? எழுபத்தொம்பதுல ஒரு மாநாட்டுல நானே நின்னிருக்கேனே. பதினஞ்சு இல்ல. பதினெட்டு நிமிஷம்.”

“பதினெட்டே வெச்சுக்கலாங்க சார்.”

“அதுதான் சர்வதேச மரபு” என்றார் அவர், கொஞ்சம் கண்டிப்போடு.

நாலு ஐந்துக்குத் தொடங்கினால் நாலு இருபத்து மூன்றுக்கு முடியும் என்று அவரே கணக்குப் போட்டு, அன்புமணியைக் கூப்பிட்டு உத்தரவிட்டார். தங்கை கேட்டு மறுத்தவன், பிரின்சிபால் சொன்னதும் சரிங்க சார் என்றான். லட்சுமணசாமி மாமனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இது சர்வதேச மரபு என்று தெரிந்ததும் அவரும் அடங்கி, தங்கள் பெரியப்பாரு செத்தபோது இருபத்தி ரெண்டு நிமிசம் நின்றதாகப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

ரசாக்கிடம் மட்டும் ப்ரியா உண்மையைச் சொன்னாள். வெள்ளி, சனி, நாலு நிமிடம், எல்லாவற்றையும். ரசாக் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவி மறுபடி வைத்துக்கொண்டார். என்கிட்டயும் சொல்லலையே கண்ணு அவன், என்றார். அப்புறம் சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனார். மெஹராஜ் அக்கா தையல் மெஷினின் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிக் கையில் சுற்றிக் காட்டினாள். மாசாணம் அண்ணன் உசுரோட இருக்கையில எத்தன தடவ கேட்டாரு, அஞ்சு நிமிசம் நிறுத்துங்க தங்கச்சின்னு, என்று அழுதாள். தண்ணீர் மோட்டார்கள் நின்றன. எதிர்வீட்டுக்காரர் ஃபிரிட்ஜையே அணைத்துவிட்டு வந்தார். செய்யாதவர் ஒருவர்கூட இல்லை. சாவு வீட்டில் இருந்து கேட்டால் யாரால் மறுக்க முடியும். உயிரோடிருக்கிறவன் கேட்பதுதான் கஷ்டம்.

மூன்றரைக்குக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்தார்கள். ஐஸ் பெட்டி ஓய்ந்தது. அப்பாவின் இரைச்சல் அதோடு தீர்ந்தது. மிச்சம் இருநூறு பேர், தலைக்கு ஒன்று இரண்டு போன்கள், ஒரு மைக் செட், அதன் முன்னால் திருமலைசாமி.

அவர் மூன்று ஐம்பதுக்கு இரங்கலுரையைத் தொடங்கினார். பிரபஞ்சம் தோன்றியதில் ஆரம்பித்தார். நாலு மணிக்குச் சூரியக் குடும்பம் வரைதான் வந்திருந்தார். நாலு ஐந்துக்கு உயிர்கள் இன்னும் தோன்றவில்லை. மாடியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ப்ரியா, அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கோடு எழும்புவதைப் பார்த்து, நகத்தைக் கடித்தாள். நாலு ஏழு. கைப்பிடிச் சுவருக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ரசாக் ஆம்ப்ளிபயர் மேசைக்குப் பின்னால் மெதுவாகப் போய் நின்றார். டைனோசர்கள் பாதியில் அறுந்தன.

“கரண்டு போயிருச்சுங்க சார்” என்றார் ரசாக்.

திருமலைசாமி தளரவில்லை. கையை உயர்த்தி, வெறும் தொண்டையில், சர்வதேச மரபுப்படி மௌன அஞ்சலி என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன. இருநூறு போன்கள் அணைந்தன. யூடியூப்காரர் கேமராவையும் அணைத்தார், அது அவருக்கு வலித்தது. சந்து அடங்கியது.

அடங்கியது என்றால் அப்படி ஓர் அடக்கம். எங்கோ அவினாசி ரோட்டில் பஸ் போவது கேட்டது. டிஷ்ஷில் ஒரு காக்கை நகத்தைத் தீட்டிக்கொண்டிருந்தது. திரையில் கோடு தாழ்ந்து, தாழ்ந்து, தரையோடு படுத்தது. பதினான்கு நோட்டுகளிலும் அப்பா இப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருந்தது.

நாலு பத்து.

படியில் கொலுசில்லாத காலடி கேட்டது. பழனியாத்தாள். இருநூறு பேர் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்துவிட்டு, பாடையின் பக்கத்திலிருந்து எழுந்து, யாரும் கவனிக்காமல் மேலே வந்துவிட்டிருந்தாள். சுவிட்ச் காலத்தில் அவள் மாடிக்கு வருவது இதுதான் முதல் தடவை. அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்பதுபோல் பார்த்தாள். ப்ரியா நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரே ஸ்டூலில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டார்கள்.

“ஏதாச்சும் வந்துச்சா அம்மணி?” கிசுகிசுப்பாக.

“என்ன வரோணும்ங்கம்மா?”

“எனக்கென்ன தெரியும். ரெண்டு நாளா தனியாச் சிரிச்சுட்டே இருந்தாரு. நேத்து கொளம்புல உப்பில்ல, அதக்கூடச் சொல்லுல.”

பதினொன்று. இது வந்துவிட்டால் என்ன செய்வது என்று அதுவரை ப்ரியா யோசித்திருக்கவே இல்லை. யாருக்குப் போன் செய்வது. முதலில் யாரிடம் சொல்வது. சொல்ல வேண்டியவரைக் கீழே கட்டி வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு.

கோடு அசையவில்லை. பதின்மூன்று. பதினைந்து. அவள் திரையின் மேல் விரலை வைத்து, ஒருவேளை தூசியோ என்பதுபோல் தேய்த்துப் பார்த்தாள். பதினேழு ஆயிற்று. கோடு படுத்த படுக்கையாகவே போய்க்கொண்டிருந்தது.

“வரலீங்கம்மா” என்றாள்.

சொல்லிவிட்ட பிறகு மறைக்க ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை நாலு இருபதுக்கு வந்ததையும், சனிக்கிழமை நாலு பதினாறுக்கு வந்ததையும், அப்பா போன் செய்ததையும், தான் கத்தரிக்காய் தைத்துக்கொண்டிருந்ததையும் சேர்த்தே சொன்னாள். பழனியாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு எதையோ கணக்குப் போடுவதுபோல் கீழுதட்டை மடித்தாள்.

“வெள்ளிக்கெழம நாலு இருவதா?”

“ஆமாங்கம்மா.”

“அடுத்த நா கொஞ்சம் முன்ன?”

“நாலு நிமிசம் முன்ன.”

“வந்தா எத்தன நேரம் இருந்துச்சாம்?”

ப்ரியா நோட்டைப் பார்த்தாள். இரண்டு நாளும் ஆறு நிமிடம் என்று எழுதியிருந்தது. ஆறு என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

பழனியாத்தாள் முந்தானையை எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டாள். “அது நாந்தான் அம்மணி.”

வியாழக்கிழமை ராத்திரி காஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்தாயிற்று, சிலிண்டர் வரவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணி காபிக்கு, சிலிண்டர்காரன் வருவான் வருவான் என்று வாசலைப் பார்த்துவிட்டு, கடைசியில் அன்புமணி கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்து அட்டைப்பெட்டியிலேயே இருந்த கரண்டு அடுப்பை எடுத்தாள். சனிக்கிழமை, நேற்று லேட்டாகிவிட்டதே என்று கொஞ்சம் முன்னாலேயே போட்டாள். இரண்டு டம்ளர் காபிக்கு ஆறு நிமிடம் ஆகிறது.

“சொல்லியிருக்கலாமேங்கம்மா.”

“காஸ் இல்லைன்னு தெரிஞ்சா, இந்த மெஷின உட்டுப்போட்டு சைக்கிள எடுத்துட்டு சிலிண்டருக்கு அலைவாரு. பாவம், நட்சத்திரம் பாக்கற மனுசன்னு உட்டுட்டேன். ஒருக்கா சுவிட்சுப் போட்டா என்ன ஆயிரும்னு நெனச்சேன். குடிச்சுப்போட்டு, இன்னைக்குக் காபி நல்லாருக்குது பழனின்னாரு. ரெண்டு நாளும்.”

கீழே யாரோ தும்மலை அடக்கினார்கள். ப்ரியா நோட்டைத் திருப்பி, இன்றைய தேதியை எழுதினாள். நேரம் எழுதினாள். உயரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். பிறகு முந்தின இரண்டு நாள் வரிசைகளில் காலியாக விட்டிருந்த கடைசிக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, எழுதாமல் இருந்தாள். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடலாம். அப்பா போனது இரண்டு நாள் வந்த சந்தோஷத்தோடு. யாருக்கு என்ன நஷ்டம்.

பழனியாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

“எழுது அம்மணி. தப்பா ஒண்ணும் எழுதி வெச்சுட்டுப் போற ஆளில்ல அவரு. நாந்தான்னு எழுதிப்போடு.”

ப்ரியா எழுதினாள். வெள்ளி: பழனியாத்தாள், காபி. சனி: பழனியாத்தாள், காபி. அம்மா குனிந்து அவ்விரண்டு வரிகளையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மேலே இருந்த மெஹராஜின் தையல் மோட்டாரையும் கவுன்சிலரின் ஜெனரேட்டரையும் படித்தாள்.

“நட்சத்திரத்துல இருக்கறவன் கூப்புடறான்னு நெனச்சுட்டாரா, மனுசன்?”

“ஆமாங்கம்மா.”

“நான் காபி போட்டதுக்கா?”

முதலில் குலுங்கியது அம்மாவின் தோள்தான். முந்தானையைப் பல்லில் கடித்தாள். ப்ரியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு வீட்டு மாடியில், கீழே இருநூறு பேர் கண்ணை மூடி நிற்கையில், சத்தம் வெளியே போகக்கூடாதே என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி தோளில் புதைத்துக்கொள்ள, அடக்க அடக்கச் சிரிப்பு பெரிதாகி, ஸ்டூல் ஆட, மூச்சு முட்டியது. இருவரும் எழுந்து காற்றுக்காகக் கைப்பிடிச் சுவருக்கு வந்தார்கள்.

கீழே ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்கள். டிஷ்ஷின் நிழலில் தலையோடு தலை சேர்ந்து, தோள் குலுங்க, தாயும் மகளும். மெஹராஜ் அக்கா துப்பட்டாவைக் கண்ணுக்குக் கொண்டு போனாள். அன்புமணியின் முகம் கோணியது. திருமலைசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இந்தமுறை கேமரா ஓடவில்லை. பதினெட்டு நிமிடம் முடிந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. லட்சுமணசாமி மாமன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, ராகு காலம் என்று சொல்ல வாயெடுத்தார்.

ரசாக் மேலே அண்ணாந்து, அந்த இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மாமனுக்கு நேராக உள்ளங்கையை உயர்த்தி, சித்தெ இருங்க என்று காட்டிவிட்டு, முதல் ஆளாகத் தலையைக் குனிந்துகொண்டார். சந்து மறுபடி கண்ணை மூடியது.